ஈறுக்குள் இருந்த பல்

லாடக்காரர் உலைக்கு முன்னால் குனிந்திருந்தபோது பயிற்சித் திடலிலிருந்து அலறல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார். செவலைக் குதிரைக்குட்டி பின்னங்கால்களில் செங்குத்தாக எழுந்து நின்றது. அதன் முதுகில் இருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. ஆள் ஒல்லி என்பதால் லாயத்தில் எல்லாருக்கும் அவன் காத்தாடி. குட்டி மேலும் ஒரு முறை தலையை வெட்டி இழுத்தது. பிடிமானம் தவறி மல்லாக்கச் சாய்ந்தது. நானூறு கிலோ எடை. சேணத்தின் முன்மேடு அவன் இடுப்பில் இறங்கியதை அவர் கண்ணால் பார்த்தார்.

அவர் ஓடிப் போவதற்குள் குட்டி உருண்டு எழுந்துவிட்டது. காத்தாடி எழவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுதான் அவனுக்குக் குரல் வந்தது. “மாமா, அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க போட்டு பதறவெச்சிடாதீங்க.” அதோடு கண் செருகிவிட்டது.

வண்டி கேட்டைத் தாண்டியது. லாடக்காரர் திரும்பினார்.

அந்தக் குட்டிக்கு இரண்டு வயது தாண்டி இரண்டு மாதம். பத்து நாளாகவே கடிவாள வாரைத் தொட்டால் போதும், தலையை உதறும். திமிர் என்றார்கள் எல்லாரும். அவரும் சொன்னார். இப்போது அதை இரும்பு வேலியில் கட்டிப்போட்டிருந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை, மூக்கு விடைத்திருந்தது. அவர் உலைக்குப் போய், குதிரைப் பல்லை ராவும் நீளமான அரத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

“வேண்டாம்ணே!” என்று லாயப் பணியாள் ஒருவர் கத்தினார்.

முதல் அடி மூக்குத் தண்டில் விழுந்தது. இரண்டாவது வாயில். குட்டி வலி தாங்காமல் எதிரில் இருந்த வேலிக் கம்பியையே கவ்வியது. அவர் மூன்றாவது முறை கையை ஓங்கினார். ஓங்கியதைப் பார்த்த குட்டி, கவ்விய கம்பியை விடாமலே உடம்பு மொத்தத்தையும் பின்னால் எறிந்தது. பச்சை மரக்கிளை முறிவது போல ஒரு சத்தம். கீழ்வரிசை முன்பற்களில் நான்கு, ஈறோடும் எலும்புச் சில்லோடும் பெயர்ந்து, ஒரு சதைத் துண்டில் தொங்கின. ரத்தம் அவர் சட்டையில் தெறித்தது. அரம் கையிலிருந்து நழுவியதை அவர் உணரவே இல்லை.

முதலாளியம்மா வந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஊசி போட்டு முடிச்சிடுங்க. பாக்க முடியல.”

அரை மணி நேரத்தில் வந்த கால்நடை டாக்டரம்மா மயக்க ஊசி மட்டும் போட்டார். குட்டி நின்றபடியே தலையைத் தொங்கவிட்டது. மண்ணையும் ரத்தத்தையும் கழுவி, விரலை உள்ளே விட்டுத் தடவினார்.

“இது பால்பல்லு. பிச்சுக்கிட்டு வந்திருக்கு, ஆனா ரத்த ஓட்டம் இருக்கு. கம்பி போட்டுக் கட்டலாம், ஆறு வாரத்துல ஒட்டிக்கும். அடியில நிலையான பல்லு வளர்ந்துக்கிட்டிருக்கு பாருங்க, அந்த முளை நசுங்கியிருந்தாதான் பிரச்சினை. கோணலா வரும், இல்ல வராமலே போயிடும். தலைய யார் பிடிக்கறீங்க?”

யாரும் நகரவில்லை. லாடக்காரர் போய்ப் பிடித்தார். டாக்டரம்மா எலும்பை அதன் இடத்தில் அழுத்தி வைத்து, பற்களுக்கு நடுவே கம்பியைக் கோத்து முறுக்கினார். நடுவில் அவர் விரல் மேல்தாடையில் நின்றது.

“கடிவாளம் படுற இடத்துல என்ன இது? ஈறுக்குள்ளயே ஒரு குட்டிப் பல்லு ஒளிஞ்சிருக்கே. வாரை இழுக்கும்போதெல்லாம் இது மேல இரும்பு ஏறியிருக்கும். உயிர் போயிருக்குமே இதுக்கு! இங்க பல்லு ராவுறது யாரு?”

“நான்தான்,” என்றார் லாடக்காரர்.

“கண்ணுல படலையா?”

பட்டிருந்தது. மூன்று வாரம் முன்பு ராவும்போது ஒரு மிளகளவு புடைப்பு விரலில் தட்டியது. அன்றைக்கு இன்னும் ஆறு குதிரைக்கு லாடம் அடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அதோடு மறந்தும் போனார்.

“பட்டுச்சு,” என்றார். டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து கம்பியை முறுக்கினார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், இடுப்பெலும்பில் கம்பி வைத்துப் படுத்திருந்தவனிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. புடைப்பைச் சொன்னார், அரத்தைச் சொன்னார், பெயர்ந்த பற்களைச் சொன்னார். காத்தாடி கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“உன்ன அப்படிப் பாத்ததும் எனக்குக் கண்ணு மண்ணு தெரியல மச்சான். அதான்—”

“மாமா,” என்று அவன் இடைமறித்தான். “எனக்காக அடிச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க.”

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அவர் மனைவி சுற்றி வந்தாள். கன்னத்தில் அறைந்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல் முறை. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. “வீட்டுக்குப் போங்க. நான் தம்பிகூட இருக்கேன்,” என்றாள்.

ஆறு வாரம் கழித்து, குட்டியின் பல்லில் கட்டிய கம்பியை எடுக்கும் நாளில், அவர் லாயத்துக்குள் கால் வைத்ததுமே குட்டி சுவரோடு ஒண்டியது. தொடை நடுங்கி, நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. அவர் கிட்டே போனார். குட்டி திரும்பி முன்னங்காலை வீசியது. குளம்பு மார்பில் விழ, இரண்டு விலா முறிந்து வைக்கோலில் சரிந்தார். பணியாட்கள் சவுக்கோடு ஓடிவந்தார்கள்.

“தொடாதீங்கடா!” என்றார், மூச்சு வராத நிலையில். “அத ஒண்ணும் பண்ணாதீங்க.”

அதற்குப் பின் செவலைக்கு லாடம் அடிக்க வேறொருவரைக் கூப்பிட்டார்கள்.

அடுத்த இரண்டு மாதத்தில் ஊன்றுகோலோடு காத்தாடி வந்தான். இனி குதிரை ஏற முடியாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அவன் நேராகச் செவலையிடம் போய், உதட்டை மெல்ல விலக்கினான். குட்டி சும்மா நின்றது. லாடக்காரர் கதவுக்கு வெளியே, குட்டியின் பார்வையில் படாமல் நின்றார்.

“பால்பல்லு ரெண்டு விழுந்துடுச்சு மாமா,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “புதுசு ஒண்ணு நேரா வருது. இன்னொண்ணு கோணல். நாக்குப் பக்கம் சாஞ்சிருக்கு.”

“மேய முடியுமா?”

“மேயும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா யாராவது பாத்து ராவிவிடணும். நீங்க வேண்டாம்.”

“சரி.”

காத்தாடி வெளியே வந்தான். வாசலில் நின்ற வேன்வரை நடப்பதற்குள் மூன்று முறை நின்றான். இருக்கையில் உட்கார்ந்துவிட்டான், இடது கால் மட்டும் மேலே வரவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். லாடக்காரர் குனிந்து, குதிரைக் குளம்பைத் தூக்கிப் பழகிய கைகளால் அந்தக் காலை ஏந்தி உள்ளே வைத்தார். காத்தாடி முகத்தை மறுபக்கம் திருப்பியிருந்தான். ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை.