வெறும் தண்ணீர்

சுபாங் ஜெயாவில் இருந்த அந்த மரபணுப் பரிசோதனைக் கூடத்தில், ஒவ்வொரு முறையும் எச்சில் மாதிரிகளோடு ஒரு குப்பி வெறும் தண்ணீரையும் இயந்திரத்தில் வைப்பார்கள். அதில் எதுவும் தெரியக் கூடாது. தெரியாவிட்டால்தான் மற்ற முடிவுகளை நம்பலாம். அன்று காலை தண்ணீரில் ஓர் ஆள் தெரிந்தான்.

கோமதி திரையைத் தாமரையின் பக்கம் திருப்பினாள். வேலை செய்பவர்களின் எச்சில் தவறிக் கலந்தால் கண்டுபிடிப்பதற்காக, எல்லோருடைய மரபணு அடையாளமும் கணினியில் இருக்கும். ஒப்பிட்டாயிற்று. பொருந்தியது யுகேந்திரனின் பெயர். தாமரையின் கணவன்; இதே கூடத்தில் வேலை செய்தவன். தைப்பூசத்துக்கு மறுவாரம் ஃபெடரல் நெடுஞ்சாலையில் லோரி மோதி இறந்தவன்.

"அவரு பேர இன்னும் எடுக்கலயா நீ?" என்றாள் கோமதி.

"எடுக்கணும்னு நெனச்சேன்."

"நல்லா வேல பாக்குறவரு லா. இன்னும் வராரு பாரு." சொல்லிவிட்டுக் கோமதி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தாமரைக்குச் சிரிப்புத்தான் வந்தது. கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் சோதனை அறையில் அவளும் யுகேந்திரனும் ஒன்றாகத்தான் தொடங்கினார்கள். அவள் ஆய்வுக் கருவிகள் விற்கப் போனாள், பிறகு தரக் கட்டுப்பாடு, பிறகு இந்தக் கூடத்துக்கே மேலாளர். இந்தத் துறையில் மேலே போகப் போக, கையால் செய்யும் வேலை விட்டுப்போய்விடும். அவள் குப்பியைத் தொட்டு வருடங்களாகின்றன. யுகேந்திரன் சோதனை மேசையை விட்டு நகரவே இல்லை. அது அவனுக்குப் பிடித்திருந்ததா, அவள் போனதால் தங்கிவிட்டானா என்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் ஒருநாளும் பேச்சு எழுந்ததில்லை.

கோமதி உறைபெட்டியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தாள். அவன் சிறு குப்பிகளில் பிரித்து உறையவைத்த தண்ணீர்; இன்று காலைதான் அதிலிருந்து முதல் குப்பியை எடுத்திருந்தார்கள். மூடிகளில் அவன் எழுதிய தேதி. தாமரையை மேலாளராக அறிவித்த நாள்.

அன்று கண்ணாடிக் கதவருகே நின்று, "உங்களுக்கு ஓகேதானே?" என்று கேட்டிருந்தாள். அவன் கையில், பிரிப்பதற்காகத் திறந்த தண்ணீர்ப் புட்டி. முகக்கவசத்தைக் கீழே இழுத்து ஏதோ சொன்னான். காற்றாடி இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டதுபோலத் தலையாட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டாள். மறுபடி கேட்கவுமில்லை.

அந்தப் பதில்தான் தண்ணீரில் தெறித்திருக்கிறது. இயந்திரம் பேசியவனைக் காட்டிவிட்டது. பேசியதைக் காட்ட அதற்குத் தெரியாது.

"டெஸ்ட்டுக்குக் குடுத்த பந்திங் கன்னையா அங்கிள் காலையிலயே போன் அடிச்சிட்டாரு," என்றாள் கோமதி. "புள்ளைக்கு சூராட் பெரானாக், பொறப்புப் பத்திரம் எடுக்கணும், ரிசல்ட் எங்கன்னு. இத எல்லாம் குளோரோக்ஸ் பிளீச்ல கொட்டிட்டு, புதுத் தண்ணி வச்சு மறுபடி ஓட்டணும்."

"ஒன்ன மட்டும் வச்சிக்கட்டா?"

"வச்சி என்னடி செய்வ?"

கோமதி அதற்குமேல் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

தாமரை கையுறை மாட்டி, குப்பிகளை வரிசையாக நிறுத்தினாள். உருகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து வாளியில் கவிழ்த்தாள். குளோரோக்ஸ் நெடி கண்ணை எரித்தது. குப்பித் தண்ணீர் எதிலும் நிறமில்லை, வாசனையில்லை.

கடைசிக் குப்பி மட்டும் முழுதாக உருகியிருக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டாள். கொஞ்சம் கழித்துத் திறந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது, பனிக்கட்டியிலிருந்து, அன்று அடைபட்ட ஒரு சின்னக் காற்றுக்குமிழி விடுபட்டு மெல்ல மேலேறி, மூடிக்கு அடியில் வந்து நின்றது.