கண்ணாயிரத்தின் அண்டா

ஒடுகத்தூர் முட்டை வியாபாரி கண்ணாயிரம் வாராவாரம் பஸ் ஏறி மலைமேலிருக்கும் ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வருவார். யார் முட்டை கொண்டுவந்தாலும் தன் அலுமினிய அண்டாவில் போட்டுப் பார்ப்பார். முழுகினால் நல்ல முட்டை, முழு விலை. மிதந்தால் கூமுட்டை. அதைக் கீழே ஒருவர் நாய்களுக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் பாதி விலைதான் கொடுப்பார். எண்பத்திரண்டாம் வருஷக் கோடையில் மலைக்கோழிகளெல்லாம் திடீரென்று கூமுட்டையாகவே இட ஆரம்பித்தன.

மங்கம்மாள் ஒரு டஜன் முட்டைகளைச் சாமை உமியில் புதைத்து நாலு மைல் நடந்து வந்திருந்தாள். பன்னிரண்டும் மிதந்தன.

"இன்னாங்க இது? ரெண்டு முட்ட இன்னிக்குக் காலைல இட்டதுங்க!"

"நான் இன்னாம்மா பண்றது? தண்ணி சொல்லுது."

ஊரே பார்க்க அவமானமாகப் போயிற்று. முட்டைகளை வாரிக்கொண்டு நேரே தசரதனின் டீக்கடைக்குப் போனாள். அங்கிருந்த குழாய்த்தண்ணீர் வாளியில் ஒவ்வொன்றாக விட்டாள். பன்னிரண்டும் கல்லாட்டம் அடியில் போய் உட்கார்ந்தன. விடுவிடுவென்று திரும்பி வந்தாள். வேடிக்கை பார்க்கப் பத்துப் பேரும் தசரதனும் பின்னாலேயே வந்தார்கள்.

"அங்க முழுகுது, இங்க மிதக்குது. உங்க அண்டாவப் பாத்தா என் முட்டைக்கு இன்னா பயம்?"

"மலைத் தண்ணி எளசும்மா. இது கீழ்நாட்டுத் தண்ணி. கொஞ்சம் கெட்டி."

மங்கம்மாள் ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். அடுத்த நொடி அது கண்ணாயிரத்தின் வெள்ளைச் சட்டையில் இருந்தது.

"உப்பு!"

"வெயில்ல வேர்வை சொட்டியிருக்கும்..."

"இவ்ளோ வேர்த்திருந்தா இந்நேரம் கருவாடா ஆயிருப்பீங்க!"

தசரதன் மரக்காணம் உப்பளத்தில் நாலு வருஷம் கூலி வேலை பார்த்தவர். ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கடல் தண்ணி நம்ம தண்ணியவிட கனம்தான். ஆளு மல்லாந்தா மெதக்குற கனம். ஆனா அதுல கூட நல்ல முட்ட முழுகும்யா, நான் போட்டுப் பாத்திருக்கேன். நீ கடலையே தாண்டிட்ட கண்ணாயிரம்!"

யாரோ கண்ணாயிரத்தின் கூடையிலிருந்த 'கூமுட்டை' ஒன்றை எடுத்து உடைத்தார்கள். மஞ்சள் கரு உருண்டையாக, பளபளவென்று நின்றது. கண்ணாயிரம் பணப்பையை அவிழ்த்தார். அன்று பாதி விலைக்குக் கொடுத்தவர்களுக்கெல்லாம் மீதியைக் கொடுத்தார். மங்கம்மாள் மட்டும் அவருக்கு விற்க மாட்டேன் என்றுவிட்டாள். அவள் முட்டைகளைத் தசரதனே ஆம்லெட்டுக்கு வாங்கிக்கொண்டார்.

கண்ணாயிரம் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஈரமண்ணில் உப்பு மணத்ததும் விற்பனைக்கு வந்த ஆடுகளெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்து அவரைச் சுற்றி மண்ணை நக்கின. சில ஆடுகள் அவர் காலையும் நக்கின. பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டது.