எறும்பும் என் வலது கையும்

எங்கள் கல்லூரியின் அனாட்டமி அறையில் இரண்டு வகைக் கைகள் உண்டு. ஒன்று, த்ரீ டி பிரிண்டரில் அச்சடித்த கை. அதில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். பொம்மைக் கடையில் வைத்தால் குழந்தைகள் அழுது அடம்பிடித்து வாங்கிப் போகும். இன்னொன்று, உடலைத் தானம் கொடுத்த யாரோ ஒருவருடைய நிஜக் கை. ஃபார்மலினில் ஊறி ஊறி, அதில் எல்லாமே ஆறிப்போன டீயின் நிறம். எது குழாய், எது நரம்பு என்று தானாகச் சொல்லாது. தொட்டு, பிரித்து, இழுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அச்சடித்த கை என்னுடையது. பெருமைக்குச் சொல்லவில்லை. ஸ்கேன் எடுக்க ஆரோக்கியமான ஓர் ஆள் வேண்டும் என்று துறையில் கேட்டபோது உயிர்வேதியியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான் உடனே எழுந்து விஞ்ஞானத்துக்கு என்னை அர்ப்பணித்தேன். அதற்குப் பிறகு வகுப்பே என் வலது கையைப் பிடித்துக்கொண்டுதான் படித்தது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, அந்தக் கையையாவது யாராவது ஒழுங்காகக் கழுவுகிறார்களா என்று கேட்டாள்.

அதை அதிகம் பிடித்தவள் எறும்பு. தன்னைவிடப் பெரிய புத்தகத்தைச் சுமந்துகொண்டு தினமும் ஒரே பாதையில் நூலகத்துக்குப் போவதால் அந்தப் பெயர். ஒரு முறை பார்த்ததை மறக்கமாட்டாள். ஒரே குறை, நிஜக் கையைத் தொடமாட்டாள். கையுறை மாட்டிக்கொண்டு ட்ரே வரைக்கும் வருவாள், நிற்பாள், பிறகு பிளாஸ்டிக்கைத் தேடிப் போய்விடுவாள். அதன் சொந்தக்காரன் பக்கத்திலேயே சும்மா நின்றுகொண்டிருப்பான். இதைப் பற்றி நான் கருத்துச் சொல்வதில்லை.

ஆண்டுத் தேர்வில் அது வினையாக வந்து முடிந்தது. எங்கள் பேராசிரியைக்குக் கத்தரி மேடம் என்று பெயர். பதில் பாதியில் இருக்கும்போதே வெட்டிவிடுவார். நிஜக் கையின் மணிக்கட்டில் நட்டநடுவே ஓடிய ஒன்றில் நூலைக் கட்டி, இது என்ன என்றார். எறும்பு தொடாமலே நரம்பு என்றாள். அது நரம்பில்லை, தசைநாண். தசையின் நுனியில் இருக்கும் கயிறு.

"நாளைக்கு அடிபட்டு வர்றவனுக்கு இதையும் அதையும் மாத்தித் தைப்பியா? அடுத்தது யாரு?" என்றார் மேடம்.

போச்சு. மறுதேர்வு ஒன்று உண்டு. அதிலும் கோட்டை விட்டால் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். எறும்பு அழவில்லை. "நீங்கல்லாம் முன்னாடி போயிடுவீங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த 'நீங்கல்லாமில்' என் பங்கு எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டேன்.

மறுநாள் மாடல் அறையில் என்னை உட்காரவைத்து, என் கையை என் முன்னாலேயே போட்டாள். அதில் நடுவே மஞ்சள் நரம்புதான் ஓடியது. பார்த்ததைத்தானே சொன்னேன், கனவா கண்டேன் என்று நியாயம் கேட்டாள். பிறகு என்ன தோன்றியதோ, தன் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினாள். தோலுக்கடியில் ஒரு கயிறு விறைத்து எழுந்தது. அடுத்து என் மணிக்கட்டைப் பிடித்து மடக்கினாள். தடவினாள், அழுத்தினாள். ஒன்றும் எழவில்லை.

"டேய், உனக்கு அது இல்லவே இல்ல."

சிலருக்கு அந்தத் தசை பிறவியிலேயே இருக்காது, இல்லாவிட்டாலும் குடி முழுகிப் போகாது என்று புத்தகத்தில் ஒரு மூலையில் இருக்கிறது. மற்றவர்கள் நிஜக் கையையும் தொட்டதால் தப்பித்தார்கள். என்னை மட்டுமே நம்பியவள் கவிழ்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். இல்லாததை எங்கேயிருந்து கொண்டுவந்து வைப்பாய், விடு என்றாள்.

அப்போதுதான் கேட்டேன், நிஜக் கை மேல் அப்படி என்ன பயம் என்று.

"பயமில்ல. அந்தக் கையோட நகத்தப் பாத்திருக்கியா? அழகா வெட்டியிருக்கும். கடைசியில படுத்த படுக்கையா இருந்திருப்பாங்க, தானா வெட்டிக்க முடியாது. யாரோ மடியில வெச்சு வெட்டி விட்டிருக்காங்க." பிளாஸ்டிக் கையைத் திருப்பி வைத்தாள். "எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. லீவுக்குப் போறப்பல்லாம் நான்தான் வெட்டி விடுவேன். அந்தக் கையப் புடிச்சு இழுன்னா, எப்படிடா இழுப்பேன்?"

என்னிடம் எப்போதும் ஒரு நக்கல் கைவசம் இருக்கும். அன்று கடை பூட்டிக் கிடந்தது. கடைசியில் வாயில் வந்ததைக் கேட்டேன்.

"அப்பா கையத் தொடறப்ப என்ன சொல்லுவ?"

"'கையக் குடுங்கப்பா'ம்பேன்."

"இங்கயும் அதையே சொல்லிப் பாரு."

மறுதேர்வன்று கதவின் வட்டக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். மணிக்கட்டில் இந்த முறை இரண்டு நூல்கள். எது நரம்பு, எது நாண் என்று சொல்ல வேண்டும். எறும்பு வழக்கம்போல் ட்ரே வரைக்கும் போனாள், நின்றாள். நான் மூச்சுவிட்டதில் கண்ணாடி மங்கியது; துடைத்துவிட்டுப் பார்த்தபோது அவள் உதடு அசைந்தது. இடது உள்ளங்கையில் அந்தக் கையை ஏந்திக்கொண்டாள். ஒன்றை மெல்ல இழுத்தாள். அந்தக் கையின் உள்ளங்கை தண்ணீர் வாங்குவதுபோல லேசாகக் குவிந்தது. இன்னொன்றை இழுத்தாள். எதுவும் அசையவில்லை. பிறகு மேடத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசத் தொடங்கினாள். பேசிக்கொண்டே இருந்தாள். கத்தரி வெட்டவில்லை.

வெளியே வந்து அவளே சொன்னாள். யாரிடம் பேசினாய் என்று மேடம் கேட்டாராம். "அவங்ககிட்டதான் மேடம், கையக் கேட்டேன்" என்றாளாம். மேடம் அந்த நகங்களையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, மெதுவா வெச்சிடும்மா" என்றாராம்.

"பாஸா?"

"பாஸ்." பிறகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, "கையக் குடு" என்றாள்.

என் இதயம் புத்தகத்தில் போட்டிருக்கும் இடத்தில் இல்லை. வலது கையை நீட்டினேன். அவள் ஊருக்குப் போகத் தயாராக வைத்திருந்த பையில் துழாவி நகவெட்டியை எடுத்தாள். என் கையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தாள்.

"இப்படியா வளத்து வெச்சிருப்ப? பாக்கறவங்க இந்தக் கைக்கு ஆளே இல்லன்னு நெனச்சுடுவாங்க."

வலது கை முடிந்தது. அவள் கேட்பதற்கு முன்பே இடது கையையும் நீட்டினேன்.