பதுவையில் கழற்றிய சப்பாத்து

ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வந்த களைப்பு இன்னும் தீரவில்லை. அதற்குள் எங்கள் சிட்னி ஹோம்புஷ் ஃபிளாட்டில் மறுபடியும் படக் காட்சி. சனிக்கிழமை பின்னேரம் யன்னல் சீலைகளை இழுத்து மூடி, என் வெள்ளைக் கட்டில் விரிப்பைச் சுவரில் கட்டி, என் கணவர் இந்திரகுமார் ஸ்லைடு புரொஜெக்டரோடு நின்றார். ரோமாபுரியில் ஒரு தூணுக்கு முன்னால் நான். புளோரன்ஸில் ஒரு மண்டபத்துக்கு முன்னால் நான். இவர் சிவில் எஞ்சினியர், பழைய கல்லைக் கண்டால் விடமாட்டார். காலையில் தேவாலயம், மத்தியானம் மலை மேல் கோட்டை, பிறகு "இவ்வளவு தூரம் வந்திட்டு இதைப் பாக்காமப் போறதோ" என்று இன்னொன்று. எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். என் கால் வீங்கியிருந்தது படத்தில் தெரியாது.

ஊர் சுற்றப் போனதே ஒரு சமாதானத்துக்குத்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இனி வரவும் வராது. சிட்னிக்கு வந்த புதிதிலேயே டொக்டர் இரண்டு பேரையும் சோதித்து, குறை இவரிடம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ரயிலில் வரும்போது இவர் ஒரே ஒரு வசனம்தான் பேசினார்: "சந்திரா, வெளியில ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

நானும் சொல்லவில்லை. சனத்துக்குக் குறை என்றால் அது பெண்ணிடம்தானே! கலியாண வீட்டிலும் பிறந்தநாள் வீட்டிலும் எனக்குப் புத்தி சொல்லாத வாய் இல்லை. "ஓம், ஓம்" என்று தலையாட்டியே கழுத்து நொந்துவிட்டது. இன்னும் எத்தனை காலத்துக்கு இவருடைய குறையை நான் சுமப்பது என்ற கேள்வியோடுதான் ஒவ்வொரு சபைக்கும் போய்வருவேன்.

அடுத்த ஸ்லைடு விழுந்ததும், படம் பார்க்க வந்திருந்த வரதராஜா அண்ணர் விழுந்து விழுந்து சிரித்தார். "உதென்ன இந்திரகுமார், வெறுங்காலோட நிக்கிறீர்?"

அந்த ஒரு படம் நான் எடுத்தது. இத்தாலியில் பதுவை நகரத்து அந்தோனியார் கோயில் வாசல். அதுவரை எல்லாத் தேவாலயத்துக்குள்ளும் சப்பாத்துக் காலோடு போய்த் தூணைத் தட்டிப் பார்த்த மனிதர், அங்கே மட்டும் குனிந்து கயிற்றை அவிழ்த்துச் சப்பாத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார். கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் சைவக்காரர் நாங்களும் அப்படித்தான் போவோம். உள்ளே கல்லறையில் கையை வைத்தபடி கண்ணை மூடி நின்றார். வெளியே வந்தால் சப்பாத்தைக் காணவில்லை. இத்தாலிக்காரனுக்கு எங்கள் நேர்த்திக்கடனும் தெரியாது, கோயில் வாசலில் கழற்றுகிற வழக்கமும் தெரியாது. என்னத்தைக் கேட்டீர்கள் என்று நான் விசாரிக்கவில்லை. டொக்டர் முடியாது என்றதை என்னிடம்கூடப் பேசாத மனிதர் அந்தோனியாரிடம் பிள்ளை கேட்கிறாராக்கும் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"அந்தோனியார் கோயில் வாசல்ல கழட்டின சப்பாத்து களவு போயிட்டுது அண்ணை" என்று இவர் சிரித்துச் சமாளித்தார்.

வரதராஜா அண்ணரின் மனைவி இராஜேஸ்வரி அன்ரி விடவில்லை. ரோல்ஸ் தட்டோடு குசினியிலிருந்து வந்த என்னைப் பிடித்துக்கொண்டார். "பாவம், மனுசன் வெறுங்காலோட போய் வரம் கேட்டிருக்கு. நீர்தான் பிள்ளை, மெல்பேர்னில நல்ல டொக்டரா ஒருத்தரிட்ட ஒருக்காக் காட்டும். அவருக்கும் ஆசை இருக்கும்தானே?"

"ஓம் அன்ரி" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அன்ரி, அவவை விடுங்கோ." இவர் புரொஜெக்டரை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார். "அவவில ஒரு குறையும் இல்லை. டொக்டர் எப்பவோ சொல்லிப்போட்டார். குறை என்னிலதான்."

அன்ரி என்னை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப... அந்தோனியாரிட்ட என்னத்தைக் கேட்டனீர்?"

"இதை நாலு பேருக்கு முன்னால சொல்ல எனக்கு வாய் வரவேணும் எண்டு கேட்டனான்."

சந்தோஷம் பொங்கியது என்று சொன்னால் பொய். ரோல்ஸ் தட்டை அன்ரியின் மடியிலேயே வைத்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதேன்.