மெதேன் சுதேஷ்

கம்பளைக்கு மேலே மூன்று மாடு வைத்திருந்த சுதேஷுக்குக் கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு வேலை. மாடு கறப்பது அவன் மனைவி துஷ்யந்தி. மாட்டைப் பற்றிப் பேசுவது அவன். பால் சங்கத்தில் தன்னைச் செயலாளராக்கியது வாய்க்காகத்தான், கைக்காக அல்ல என்பது அவனுக்கே தெரியும்.

பேராதனையில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போய்வந்த பிறகு அந்த வாய்க்கு ஓய்வில்லை. குவித்து வைத்த சாணி அழுகும்போது மெதேன் கிளம்புகிறது, காபனீரொட்சைட்டு என்ற கரியமில வாயுவை விடப் பல மடங்கு வானத்தைச் சூடாக்குகிறது, மூடிய தொட்டியில் பிடித்து அடுப்பில் எரித்தால் சோறும் வேகும், வானமும் தப்பும் என்று பஸ்ஸில் சொன்னான், கடையில் சொன்னான். ஒரு கல்யாணப் பந்தியில் சாணியை விளக்கப்போய், பக்கத்தில் இருந்தவர் பாயாசத்தைத் தொடாமல் எழுந்து போனதை அவனே பிறகு சொல்லிச் சிரிப்பான். அடுத்த தெருவில் ஐந்து மாடு வைத்திருக்கும் ரபீகாவுக்கும் விளக்கினான். அவர் வீட்டில் அந்த அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

ஒருவழியாகத் தன் கொட்டிலுக்குப் பின்னாலும் தொட்டி கட்டினான். அடுப்பு பற்றியதும் சங்கத்து ஆட்களைப் பௌர்ணமிப் போயா லீவு நாளில் பார்க்க வரச் சொன்னான். வருகிறவர்கள் மூக்கைப் பொத்தக் கூடாதே! வாழ்நாளில் முதல் தடவையாகத் துடைப்பத்தைக் கையில் எடுத்து, ஒரு வாரம் காலையும் மாலையும் பினாயில் ஊற்றிக் கொட்டிலைக் கழுவினான். மாடுகள் அவனைச் சந்தேகமாகப் பார்த்தன. இடையில் நெருப்பு மங்குகிறது என்று துஷ்யந்தி சொன்னபோது, வால்வில் ஏதோ அடைப்பு என்று நிபுணன் குரலில் தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

போயா அன்று எல்லோரும் முற்றத்துக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். அடுப்படியில் துஷ்யந்தி குச்சி குச்சியாகக் கிழித்துப் பார்த்தாள். பற்றவில்லை. அவள் சமாளிக்கட்டும் என்று சுதேஷ் பேச்சைத் தொடங்கினான்.

"தொட்டிக்குள்ள இருக்கிறது உயிருள்ள கிருமிங்க. அதுங்க சாணியத் தின்னுதான் கேஸ் விடுது. அதனால கொட்டில் கழுவுற தண்ணியில பினாயில் மட்டும்..."

அங்கேயே நின்றுவிட்டான். பளபளக்கும் கொட்டில் தரையிலிருந்து தொட்டிக்கு நேராக ஓடும் வாய்க்கால் கண்ணில் பட்டது. இடமெல்லாம் ஆஸ்பத்திரி வார்டு போல மணத்தது. வால்வு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். ஆனால் அடுப்படி வாசலில் வந்து நின்ற துஷ்யந்தியின் முகத்தைப் பார்த்தான். அவளுக்கும் விளங்கிவிட்டிருந்தது.

"மட்டும் போடக் கூடாது. நான் ஒரு வாரமாப் போட்டேன்" என்றான். "எல்லாத்தையும் கொன்னுட்டேன்."

 தெல்தோட்டையிலிருந்து வந்திருந்த செல்லப்பா சிரிக்கத் தொடங்க, முற்றமே சிரித்தது. காது மடல் சுட்டாலும் சுதேஷுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் ரபீகாவிடமே கடைசியில் போய் நின்றான்.

"ராத்தா, உங்க தொட்டியில இருந்து கொஞ்சம் கிருமி உள்ள சாணிக் கரைசல் தருவீங்களா?"

"எடுங்க தம்பி, நெறய ஈக்கிது" என்றார் ரபீகா. "நீங்க எனக்கு வெளங்கப்படுத்தின அண்டைக்கும் இருந்திச்சி."

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கரைசலை வெளியே இறைத்துவிட்டு, ரபீகா வீட்டிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தான். எவ்வளவு குளித்தும் நாற்றம் போகவில்லை. அவன் ஒரு வார்த்தை பேசாமலே பஸ்ஸில் பக்கத்து சீட் காலியானது. சில வாரங்களில், விரல் நுனியளவு நீல நெருப்பு மறுபடி பற்றியது. துஷ்யந்தி தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தாள். அது கொதிக்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் செல்லப்பா தேடி வந்தார். தனக்கும் ஒரு தொட்டி வேண்டுமாம். "நீங்க எப்படி நடத்தணும்னு சொன்னப்ப ஒண்ணும் ஏறல தம்பி. எப்படிக் கெடுத்தீங்கன்னு சொன்னதுதான் நல்லா வெளங்குச்சு."

பாராட்டா, பழிப்பா என்று சுதேஷுக்குத் தெரியவில்லை. தெல்தோட்டைக்குப் போய் செல்லப்பாவோடு சேர்ந்து குழி வெட்டினான். மத்தியானத்துக்குள் உள்ளங்கை கொப்பளித்தது. மறுநாள் கடைக்கு ஆணி வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.