ஏழு வருஷத்து அளவு

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "கம்பெனிகளின் தகவல் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்பேன். சுபாங் ஜெயாவில் ஏழாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, எந்தத் தகவலுக்கு எத்தனை மணிக்கு நகல் எடுப்பது, அந்த நகலை எத்தனை நாள் வைத்திருப்பது என்று அட்டவணை போடுவேன். பதினொரு ஆண்டு அனுபவம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்கள் சிரிப்பதற்கு வசதியாக இருக்கும்.

கிள்ளானில் சீதாலெட்சுமி ஆன்ட்டியின் தையல் கடைக்கு மட்டும் அந்த அட்டவணையை இலவசமாகப் போட்டுக் கொடுத்தேன். காரணம், அவருடைய மகள் மலர்விழி. நாங்கள் இரண்டு வருடமாகப் பழகுவது ஆன்ட்டிக்குத் தெரியும். நான் முறைப்படி கேட்டபோது, "தீபாவளி போகட்டும் தம்பி, அப்புறம் சொல்றேன்" என்றார். முப்பத்தாறு வயதில் மறுபடியும் பள்ளிக்கூட எஸ்.பி.எம். பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தேன்.

அந்தக் கடையில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பெண்களின் ரவிக்கை அளவுகள் நோட்டுப் புத்தகங்களில் கிடந்தன. எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். கைப்பேசி எண்ணைத் தட்டினால் போதும். மார்பு, இடுப்பு, கை, கழுத்து ஆழம் எல்லாம் வரும்.

"ஏழு வருஷம் அப்படியே வெச்சிருக்கலாம் ஆன்ட்டி" என்றேன்.

கட்டிங் மாஸ்டர் கன்னையா அண்ணன் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தினமும் அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு நகல் கடையிலிருக்கும் தனி டிஸ்க்கிலும், இன்னொன்று இணையத்திலும் ஏறும். ஓராண்டு தாண்டிய நகல்களைத் தினமும் மதியம் ஒரு மணிக்கு அழித்துவிடும். ஏதாவது கோளாறு என்றால் எனக்கு மின்னஞ்சல் வரும். பத்தொன்பது மாதத்தில் ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. இதை மலரிடம் நான்கு முறையாவது பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

தீபாவளிக்கு இருபத்தொன்பது நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை மலர் கூப்பிட்டாள்.

"சுகு, கம்ப்யூட்டர் தொறக்க மாட்டேங்குது. உள்ள டக்கு டக்குன்னு சத்தம் மட்டும் வருது."

"டிஸ்க் போயிருக்கும். கவலப்படாத லா. அதுக்குத்தானே பேக்கப் இருக்கு."

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நல்ல சட்டையாகத் தேடிப் போட்டுக்கொண்டேன். சென்ட்கூட அடித்தேன். வருங்கால மாமியார் முன்னால் வீரம் காட்ட இப்படி ஒரு சந்தர்ப்பம் தானாக அமையுமா? பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

கடையில் இருநூற்றுப் பன்னிரண்டு துணிப் பொட்டலங்கள் அலமாரி முட்ட அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு கைப்பேசி எண். அளவு வேண்டுமென்றால் கம்ப்யூட்டர்தான். பேக்கப் டிஸ்க்கை என் மடிக்கணினியில் சொருகினேன். காலி. இணையத்தில் பார்த்தேன். அதுவும் காலி.

"என்ன சுகு, லோடிங்கா?" என்றாள் மலர்.

"ம்" என்றேன். பிறகு ஆன்ட்டி பக்கம் திரும்பினேன். "ஆன்ட்டி, கடைய சாத்தும்போது கம்ப்யூட்டர அடைச்சிடுவீங்களா?"

"கம்ப்யூட்டர மட்டும் எதுக்கு? மெயின் சுவிட்சயே அடைச்சிருவேன். இஸ்திரிப் பெட்டி இருக்கிற கடை தம்பி. இருபத்தாறு வருஷமா அப்படித்தான். சாமி லைட்டு மட்டும் தனி லைன்ல எரியும்."

நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளையார் படத்துக்கு முன்னால் சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. பத்தொன்பது மாதமாக அதிகாலை இரண்டு மணிக்கு அந்தக் கடையில் கரண்ட் இருந்த ஒரே ஆள் பிள்ளையார்தான்.

ஒரு நாள் கடை சாத்தும்வரை இருந்திருந்தால் தெரிந்திருக்கும். நானோ நான்கு மணிக்கு வந்து, மலர் ஆற்றிக் கொடுக்கும் டீயைக் குடித்து, நெரிசலுக்குப் பயந்து ஐந்தரைக்கே ஓடிவிடுகிறவன். மின்னஞ்சல் எப்படி வரும்? மயங்கிக் கிடப்பவன் எழுந்து, தான் மயங்கிக் கிடப்பதாகக் கடிதம் எழுதுவானா? முதல் நாள் என் கையால் எடுத்த ஒரே ஒரு நகலாவது இருக்குமென்று தேடினேன். அதற்கு ஒரு வயது நிறைந்த மறுநாள் மதியம் ஒரு மணிக்கு, கம்ப்யூட்டர் விழித்திருந்த நேரமாகப் பார்த்து, என் அட்டவணையே அதை அழித்திருந்தது. எடுக்கும் வேலை ஒரு நாளும் நடக்கவில்லை. அழிக்கும் வேலை ஒரு நாளும் தவறவில்லை.

"ஆன்ட்டி, ஒண்ணுமே இல்ல. எல்லா அளவும் போயிருச்சு. என் தப்புதான்."

தையல் மிஷின் நின்றது.

"ஏழு வருஷம்னீங்களே, பாஸ்" என்றார் கன்னையா அண்ணன்.

பழைய நோட்டுகள்? "இனி எதுக்கு ஆன்ட்டி இந்தக் குப்பை" என்று சொல்லி, பழைய பேப்பர் லோரியில் நானே ஏற்றிவிட்டிருந்தேன். சேவை என்றால் முழுமையாக இருக்க வேண்டும் அல்லவா?

செத்த டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு செராஸில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். அந்த ஆள் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். "ஹாபிஸ் லா, பாஸ். எல்லாம் முடிஞ்சுது" என்று திருப்பிக் கொடுத்தான்.

திரும்பி வந்தபோது ஆன்ட்டி திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரையும் வரச் சொல்லி மறுபடியும் அளவு எடுக்கணும். வேற வழியில்ல. எல்லாருக்கும் போன் நீங்கதான் போடணும் தம்பி."

மூன்று நாள் லீவு போட்டு, கடை மூலையில் ஒரு ஸ்டூலில் கைப்பேசியோடு உட்கார்ந்தேன்.

"ஆன்ட்டி, வணக்கம். தையல் கடையிலேருந்து பேசறேன். அளவு கொடுக்க ஒரு நட வரணும்."

"எதுக்கு? அதே பழைய அளவுதான்."

"எழுதி வெச்சது தொலைஞ்சு போச்சு ஆன்ட்டி."

"யாரு தொலைச்சது?"

"நான்தான்."

"நீங்க யாரு அந்தக் கடையில?"

இந்தக் கேள்விதான் கஷ்டமாக இருந்தது. பதில் தீபாவளிக்குப் பிறகுதான் எனக்கே தெரியும். அதுவும், இந்த லட்சணத்தில் என்ன பதில் வருமென்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. "ஹெல்ப் பண்ண வந்தேன்" என்பேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்கும்.

முதலில் வந்தவர் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து குமுதா டீச்சர். அவ்வளவு தூரம் வரவழைத்த கோபம் முகத்தில் தெரிந்தது.

"எனக்கு எப்பவும் முப்பத்தாறுதான் அக்கா. இத எழுதத் தெரியாதா?"

மலர் டேப்பை வைத்தாள். முப்பத்தொன்பதரை. டேப் சொன்னதையே எழுதிக்கொண்டாள். அடுத்து வந்தவர் முப்பத்து நாலு என்றார்; டேப் முப்பத்தேழு என்றது. ஒரு கல்லூரிப் பெண் மட்டும் இளைத்திருந்தாள். அவளை யாருக்கும் பிடிக்கவில்லை. அன்று வந்த பதினெட்டுப் பேரில் பதினைந்து பேர் சொன்ன அளவு வேறு, எடுத்த அளவு வேறு.

சாயங்காலம் கன்னையா அண்ணன் கத்தரிக்கோலை மேசையில் போட்டார்.

"அதானே பார்த்தேன்! போன தீபாவளிக்கு அறுபது பிளவுஸு பத்தல பத்தலன்னு திரும்பி வந்துச்சே, வெட்டினவன் சரியில்லன்னு ஒரு வருஷமா ஏச்சு வாங்கறேன். வெட்டினவன் சரியாத்தான்மா வெட்டினான். அளவுதான் பழசு!"

ஆன்ட்டி மலர் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "முந்தி நோட்டுல தேடறதுக்கு, புதுசா எடுத்துர்றது ஈசின்னு ஒவ்வொரு தடவையும் டேப்ப எடுத்திருவோம். கம்ப்யூட்டர் வந்தப்புறம் நம்பரத் தட்டினா அளவு வந்திருது. டேப்ப ஆணியில மாட்டியாச்சு."

இன்னும் விவரமாகச் சொல்ல வேண்டுமா? என் பேக்கப் மட்டும் ஒழுங்காக வேலை செய்திருந்தால், இருநூற்றுப் பன்னிரண்டு பழைய அளவுகளை ஓர் எண்கூடப் பிசகாமல் மீட்டுக் கொடுத்துவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

என் முகம் மலர்ந்ததை மலர் பார்த்துவிட்டாள். "ரொம்ப சந்தோஷப்படாத. நீ ஒண்ணும் காப்பாத்தல. தொலைச்ச. அவ்ளோதான்."

"சரி."

"உக்காரு. இப்ப நான் சொல்றேன், நீ எழுது."

அவள் சொன்னாள், நான் எழுதினேன். நகல் எடுப்பது மதியம் ஒன்றேகாலுக்கு, எல்லோரும் சாப்பிடும் நேரத்தில், கம்ப்யூட்டர் விழித்திருக்கும்போது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தினமும் ஒரு தகவல் வர வேண்டும். வரவில்லையென்றால் நான் போன் போட்டுக் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் நானே வந்து, ஒரு நகலைத் திறந்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, கடை சாத்தும்வரை இருக்க வேண்டும். அளவுக்கு ஆயுள் ஒரு தீபாவளி. அதைத் தாண்டினால் எண் வராது. "டேப்பை எடு" என்று சிவப்பில் வரும். பதினொரு ஆண்டு அனுபவத்தில் நான் எழுதிய உருப்படியான அட்டவணை அதுதான். அதுவும் என்னுடையது இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் மதியம் கடைக்குப் போனேன். பொட்டலங்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. பத்தவில்லை என்று திரும்பி வந்தவை நான்கே நான்கு. ஒன்றேகாலுக்கு நகல் ஏறியது. திறந்து பார்த்தேன், எல்லாம் இருந்தது. மேலே பிள்ளையாரையும் ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

ஆன்ட்டி முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி, உங்க ஜிப்பா அளவு என்ன?"

"எதுக்கு ஆன்ட்டி?"

"தை மாசம் நிச்சயதார்த்தத்துக்கு ஆபிஸ் சட்டையிலயா வந்து நிப்பீங்க?"

கையிலெடுத்த முறுக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். மலர் குனிந்து நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இப்படி இருந்தது.

"நாப்பது ஆன்ட்டி. எனக்கு எப்பவும் நாப்பதுதான்."

கடையே சிரித்தது. மலர் ஆணியிலிருந்து டேப்பை எடுத்து வந்து என் மார்பைச் சுற்றினாள். நான் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு பிள்ளையாரைப் பார்த்தபடி நின்றேன். அவள் எண்ணைப் படிக்காமல் காத்திருந்தாள்.

"மூச்ச விடுங்க, மாப்ள" என்றார் கன்னையா அண்ணன்.

விட்டேன். நாற்பத்து மூன்றரை.