பதினைந்தாவது பத்து

"ஊசி உடைஞ்சா அதோட மூக்கு எங்கம்மா போகும்?"

மகள் நாலு வயதில் கேட்ட கேள்வி. தையல் கடையில் அம்மாவும் அம்மாவைப் பெற்ற அப்பாவும் அடுத்தடுத்த மிஷின்களில் உட்கார்ந்திருந்த நாள் அது. அம்மா யோசிப்பதற்குள் அவள் அப்பா தலை நிமிராமலே பதில் சொல்லிவிட்டார்.

"தேடத் தெரியாத உடம்பாப் பாத்துப் போகும் கண்ணு. அதான் நாம தேடுறோம்."

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். கேள்வி அவளுக்கு மறந்திருக்கும். அம்மாவுக்கு மட்டும் இன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு அது திரும்ப ஞாபகம் வந்தது.

அவள் வேலை செய்யும் கூடத்தில் எட்டு மிஷின்கள். பிறந்த குழந்தைகளுக்கான சட்டை தைக்கிறார்கள். அவளுடையது ஏழாவது மிஷின், கழுத்துப் பட்டி வைப்பது அவள் வேலை. தைத்ததைப் பத்துப் பத்தாக நூலால் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் எண் எழுதிய துணித்துண்டைச் செருகிவைப்பாள். ஒரு கட்டை முடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டாள். அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அதனால் கூடத்தில் அவளுக்கு 'பத்துநூல்' என்று பெயர்.

"பத்துநூல் அக்கா நூல் கட்டுற நேரத்துல நான் ரெண்டு சட்டை தைப்பேன்" என்பாள் எட்டாவது மிஷின்காரி. அவள் பெயர் எக்ஸ்பிரஸ்.

"தைப்ப. எத்தனை தைச்சேன்னு என்கிட்ட வந்து கேப்ப" என்பாள் இவள்.

கூடத்தில் ஒரு விதி உண்டு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் அட்டையில் ஒட்டிக் காட்ட வேண்டும். ஊசி முழுதாகச் சேர்ந்தால்தான் சூப்பர்வைசர் மேஜையில் புது ஊசி தருவார்கள். இரண்டரை மணிக்கு இவள் ஊசி உடைந்தது. மேல்பாதி மிஷினிலேயே இருந்தது. முனையைக் காணோம். தரையில் தேடினாள், மடியில் தேடினாள், கையிலிருந்த சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு லாரி போக வேண்டும். சூப்பர்வைசர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.

எக்ஸ்பிரஸ் தன் டப்பாவைத் திறந்து, பழைய ஊசி முனை ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒட்டிட்டுப் போக்கா. எல்லாரும் செய்றதுதான். உன் முனை எங்கயாச்சும் குப்பைல கிடக்கும்."

அவள் ஒட்டினாள். இருபது வருடத்தில் முதல் தடவை. அட்டையைப் பார்த்து சூப்பர்வைசர் தலையாட்டினார், புது ஊசி கிடைத்தது, மிஷின் ஓடியது. முக்கால் மணி நேரம் தைத்தாள். அதன்பிறகுதான் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்தது. சட்டையின் கழுத்து அவள் சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. அந்தக் கழுத்துக்குப் பேசத் தெரியாது, அழத்தான் தெரியும். அழுதால் பசி என்று நினைப்பார்கள்.

நாலு மணிக்கு அவள் மிஷினை நிறுத்தினாள். எழுந்து சூப்பர்வைசர் மேஜைக்கு நடந்தாள்.

"அண்ணே, இன்னைக்கு நான் ஒட்டுன முனை என் ஊசியோடது இல்ல."

சூப்பர்வைசர் பேனாவை மூடினார். "பின்னே யாரோடது?"

"ஒட்டுனது நான். அதை மட்டும் எழுதிக்குங்க."

"லாரிக்கு ஒரு மணி நேரம் இருக்கு. ரெண்டாயிரம் சட்டை பெட்டில ஏறிருச்சு. இன்னைக்குப் போகலன்னா அடுத்த ஆர்டரே இல்ல, தெரியுமில்ல? எட்டுப் பேர் வீட்டு அடுப்பு அது." அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. "ரெண்டாயிரத்துல எங்கன்னு தேடுவ?"

"இருபதுல தேடுனா போதும்ணே. பதினாலாவது கட்டு முடிச்சு பக்கத்துல வெச்சிருந்தேன். பதினஞ்சாவதுல ஆறு தைச்சு, ஏழாவது கையில இருக்கும்போது உடைஞ்சுது. தெறிச்சிருந்தாலும் இந்த ரெண்டு கட்டுலதான் இருக்கும்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு பெட்டி கட்டும் பெரியக்காவைக் கூப்பிட்டார்.

பெரியக்கா நாடா ஒட்டும் உருளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டாள். யார், ஏன் என்று கேட்கவில்லை.

"உன் துண்டுல இருக்கிற எண்ணைத்தான் கவர் மேல எழுதுறேன். ஆனா எந்தப் பெட்டின்னு நினைவில்ல. எட்டு மிஷின் சரக்கும் கலந்துதான் போகும்."

"பிரிக்கணுமாக்கா?"

"பிரிக்காம? பெட்டி தானா வாயத் திறந்து சொல்லுமா?"

ஒட்டி முடித்த பெட்டிகளைப் பெரியக்கா ஒவ்வொன்றாகக் கிழித்துத் திறந்தாள். நாடாவின் ஓரம் விரலை அறுத்தது. சட்டையில் ரத்தம் படக் கூடாதென்று அந்த விரலை மடக்கிக்கொண்டு மற்ற விரல்களால் கிழித்தாள். ஆறாவது பெட்டியில் பதினாலு கிடைத்தது. ஒன்பதாவதில் பதினைந்து. வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

காந்தத்தை வைத்து இருபது சட்டைகளையும் தடவினார்கள். எதுவும் ஒட்டவில்லை.

"அப்பவே சொன்னேன்ல, குப்பைலதான் இருக்கும்" என்றாள் எக்ஸ்பிரஸ். அவள் முகம் வெளுத்திருந்தது.

'கடவுளே, அது என் கையைக் குத்தட்டும். வேற யாரையும் குத்த வேண்டாம்.' பத்துநூல் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா அப்படித்தான் தேடுவார். கண் அவசரப்படும், விரல் அவசரப்படாது என்பார். ஏழாவது சட்டையின் கழுத்தை அங்குலம் அங்குலமாக விரலால் நகர்த்தினாள். ஒன்றுமில்லை. எட்டாவதை எடுத்தாள். பட்டியின் நடுவில், தையலுக்குள், அரிசி நொய் அளவுக்கு ஏதோ கெட்டியாக இருந்தது. அழுத்தினாள். சுருக்கென்றது.

உடைந்த முனை, மிஷினில் பட்டியை மடித்துக்கொடுக்கும் தகட்டுக்குள் விழுந்திருக்கிறது. புது ஊசி போட்டதும் அடுத்த சட்டையோடு சேர்த்து, இறுகத் தைத்து மூடியது அவள் கைதான். மூடிய இறுக்கத்தில் காந்தத்துக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை.

சூப்பர்வைசர் தையலைப் பிரித்து முனையை எடுத்தார். அட்டையில் இருந்த மேல்பாதியோடு பொருத்திப் பார்த்தார். பொருந்தியது.

"லாரிக்காரன்கிட்ட டீ குடிச்சிட்டு வரச் சொல்றேன்" என்றார். "இன்னொரு தடவை இப்படி அட்டை வந்தா, நீயே கிளம்பிரு. நான் சொல்ல மாட்டேன்."

"சரிண்ணே."

எக்ஸ்பிரஸ் தன் டப்பாவோடு போய், உடைந்த ஊசிகள் போடும் ஜாடியில் அதைக் கவிழ்த்தாள். கலகலவென்று விழுந்தன. எத்தனை என்று எண்ண யாருக்கும் மனசு வரவில்லை.

பெரியக்கா ஒன்பது பெட்டிகளையும் மறுபடி அடுக்கி, மறுபடி ஒட்டினாள். உதவிக்குப் போனவளைப் பார்வையாலேயே மிஷினுக்குத் திருப்பி அனுப்பினாள். "உன் பத்து பாதில நிக்குது, போ." லாரி ஐந்தே முக்காலுக்குப் போனது. பெரியக்காவின் பஸ் ஐந்தரைக்கே போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் ஏழு மணிக்கு. படியில் உட்கார்ந்து, அறுபட்ட விரலில் துணி சுற்றிக்கொண்டு அவள் காத்திருந்ததை இவள் தெரு முனையிலிருந்து பார்த்தாள். திரும்பிப் போய் நன்றி சொல்ல நினைத்தாள். என்ன சொன்னாலும் அது அந்த விரலுக்குக் குறைவாகவே இருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் காலை காவலாளி கதவைத் திறந்துவிட்டுக் குழாயடிக்குப் போனதும் அவள் உள்ளே நுழைந்தாள். கூடத்தில் ஆளில்லை. பெரியக்காவின் முதல் வேலை, தட்டையாகக் கிடக்கும் அட்டைகளை மடித்துப் பெட்டியாக்கி அடியில் நாடா ஒட்டுவது. விரலுக்கு அதைவிடக் கொடுமையான வேலை அங்கே கிடையாது.

இருபத்திரண்டு பெட்டிகளை மடித்தாள். அடியில் ஒட்டினாள். பெரியக்கா அடுக்குவதுபோலவே, வாய் சுவரைப் பார்க்க அடுக்கினாள். வெளியே செருப்புச் சத்தம் கேட்பதற்குள் தன் மிஷினுக்குப் போய், நூல் கோக்க ஆரம்பித்தாள்.